கன்னத்தில் தேய்த்துப் பார்த்த துவாய்

செல்லசாமி அந்தக் கறுப்புக் காரைக் கொண்டுவந்து லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நிறுத்திய நாளிலிருந்து, அவன் பெண்சாதி நாகலெட்சுமி அதற்கு ஒரு பெயர்தான் வைத்திருந்தாள். சக்களத்தி.

"சக்களத்தி குளிச்சாச்சா?" என்பாள், மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கும்போது. "இன்னிக்குப் பனி கொட்டுதே, சக்களத்திக்குக் கம்பளி போத்தலயா?" என்பாள், ராத்திரி சோற்றைப் போட்டுக்கொண்டே. செல்லசாமிக்குக் கோபம் வராது. உண்மையாகவே போர்த்திவிட்டுத்தான் வந்திருப்பான்.

அக்கரப்பத்தனைப் பக்கம் அந்தத் தோட்டத்தில் அவன் கொழுந்து லொறி ஓட்டியவன். மலையில் எடை போட்ட தேயிலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு, பள்ளமும் கல்லுமான ரோட்டில் ஃபெக்டரிக்குப் போய்க் கொட்டிவிட்டு வருவது அவன் வேலை. முதுகெலும்பு கழன்று கையில் வரும்வரை ஓட்டினான். வேலையை விட்டபோது கிடைத்த சேவைக்காலப் பணத்தில் கூரைத் தகரத்தை மாற்றுவான் என்று லயமே நினைத்தது. நாகலெட்சுமி தகரத்துக்கு அளவுகூட எடுத்து வைத்திருந்தாள். மழை பெய்தால் அவர்கள் காம்பராவுக்குள் சட்டி, வாளி, கோப்பை எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். செல்லசாமி பணத்தோடு கினிகத்தேனைக்கு பஸ் ஏறினான். காரோடு திரும்பி வந்தான்.

பழைய கார்தான். ஆனால் கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. கல்யாண வீட்டுக்காரர்கள் இப்போது மாப்பிள்ளை பொண்ணுக்கு இந்த மாதிரிக் காரைத்தான் தேடுகிறார்கள் என்று அவன் யாரிடமோ கேட்டு வைத்திருந்தான். ஹட்டனில் திலக்ஷன் என்று ஒரு தம்பி, கல்யாணங்களுக்குக் கார் விடுகிறவன். சொந்தக் கார் சிலது. மற்றது இப்படி ஆட்களிடம் எடுத்து ஓட்டுவது. செல்லசாமி அவனைப் பிடித்துவிட்டான். திலக்ஷன் முகத்துக்கு நேரே சொன்னான்: "அண்ணே, வந்து பாக்குறேன். பெயின்ட்ல கீறல் இருக்கக் கூடாது. வீடியோக்காரன் லைட்டப் போட்டா கறுப்புக் கார்ல எல்லாம் தெரியும். நல்லா இருந்தா தை மாசக் கல்யாணம் இந்தப் பக்கத்துல எது வந்தாலும் ஒங்களுக்கு. இல்லாட்டி மனஸ்தாபப்படக் கூடாது."

மார்கழியின் கடைசி ஞாயிறு வருவதாகச் சொன்னான்.

நாகலெட்சுமி புருசனை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். திலக்ஷன் வேண்டாமென்று சொல்லிவிட்டால் காரை விற்றுத் தகரம் வாங்க வேண்டும் என்று சூடம் கொளுத்தி ஒத்துக்கொள்ள வைத்தாள். அந்தச் சூடம் அணைவதற்குள், அவன் வேண்டாமென்றே சொல்ல வேண்டும் தாயே என்று தனக்காகவும் ஒரு வேண்டுதலைப் போட்டு வைத்தாள். அம்மனுக்கு இரண்டு பேரும் ஒரே வீடுதானே, பார்த்துக்கொள்ளட்டும்.

"லெட்சுமி, ஹட்டனுக்கு வர்றியா?" என்று செல்லசாமி கேட்டான். "பெயின்ட்டக் கீறாத துவாய் எடுக்கணும். பொலிஷ் பூசுறதுக்குப் பஞ்சும் வேணும்."

"ஒங்க சக்களத்திக்குச் சீல எடுக்க நான் வரணுமா?"

"துணி விசயத்துல ஒன் கைய அடிச்சுக்க ஆளு ஏது? நான் எடுத்தா ஏமாத்திப்புடுவாங்க."

அது முகஸ்துதி இல்லை. தீபாவளி வந்தால் அந்த லயத்துப் பெண்கள் நாகலெட்சுமி இல்லாமல் துணிக்கடைப் படி ஏறமாட்டார்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை ஒரு தேய்ப்புத் தேய்ப்பாள். "சாயம் போகும், வை அங்க" என்பாள். போட்டுத் துவைத்தால் சாயம் போகும். அந்தக் கைக்கு அவ்வளவு பெயர். காருக்காக இல்லாவிட்டாலும் கைக்காக அவள் பஸ் ஏறினாள்.

வாகனச் சாமான் கடையில் ஸஹ்லா இருந்தாள். வாப்பா சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து கல்லாவும் கடையும் அவள் கையில்தான். வாயாடி. ஆனால் பொய் சொல்லி விற்கிற பழக்கமில்லை.

"கறுப்புக் காரா? அப்ப கவனமாத்தான் எடுக்கணும்" என்று மேசையில் பரப்பினாள். "இந்தா, நீளமா முடி உள்ள தடிச்ச துவாய். கழுவின தண்ணிய ஒத்தி எடுக்க. இது கட்ட முடி, பொலிஷத் தொடச்சி எடுக்க. ரெண்டும் மைக்ரோபைபர். இந்தப் பஞ்சு வட்டு பொலிஷ் பூச. அமுக்கினா பேக்கரிப் பாணு மாதிரி இறங்கும், பாருங்க."

நாகலெட்சுமி தடித்த துவாயை எடுத்து வழக்கம்போல ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். சடாரென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னா புள்ள இது, பூன நாக்கு மாதிரி இழுக்குது! தோலப் புடிக்கிற துணி பெயின்ட்ட விட்டு வைக்குமா?"

"அது அப்பிடித்தான் அக்கா ஒட்டும். ஒட்டினாத்தான் தூசியத் தனக்குள்ள எடுக்கும். இல்லாட்டி தூசிய வச்சே பெயின்ட்டத் தேய்க்கும்."

"நல்லா கத சொல்ற." அவள் கண் பக்கத்தில் தொங்கிய மஞ்சள் துணிக்குப் போனது. பளபளவென்று இருந்தது. தொட்டாள். விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது, கல்யாணப் பொண்ணின் பட்டு ரவிக்கை மாதிரி. "இதப் பாருங்க! இதுதான் துணி."

"ஐயோ, அது கண்ணாடிக்கும் உள்ளுக்குத் தொடைக்கவும் உள்ளது. ஓரத்துல தச்ச நூலு நைலோன். பெயின்ட்ல போட வேணாம் அக்கா."

"நீ பேக்கட்டுல எழுதினத வாசிக்கிற. என் கை சொல்லுது."

பஞ்சிலும் அதே கதைதான். பாண் மாதிரி இறங்கியது நாலு நாளில் பிய்ந்துவிடும் என்று தள்ளிவிட்டு, செங்கல் மாதிரிக் கெட்டியான ஒன்றை எடுத்தாள். சாமான் என்றால் உழைக்க வேண்டும். ஸஹ்லா செல்லசாமியைப் பார்த்தாள். செல்லசாமி காதுக்குப் பின்னால் சொறிந்தான். பெண்சாதியைப் பார்த்தான். அவள் மஞ்சள் துணியைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எடுத்ததையே கட்டுங்க" என்றான்.

"பாவிச்சா திருப்பி எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நாங்க ஏன் புள்ள திருப்பித் தர்றோம்?" என்றாள் நாகலெட்சுமி, மகாராணி மாதிரி.

அடுத்த நாள் அந்தியில் காரைத் துடைத்தது அவளேதான். செல்லசாமி கழுவி முடித்ததும், "நகருங்க, நீங்க தடவிக் குடுக்கிறீங்க, தொடைக்கல" என்று துணியைப் பிடுங்கிக்கொண்டாள். இடப்பக்கப் பின்கதவு. பானை துலக்குகிற மாதிரி வட்டம் வட்டமாக, கை வலிக்க அமுக்கி, மூச்சு வாங்கத் தேய்த்தாள். கெட்டிப் பஞ்சால் பொலிஷும் போட்டாள். மூடுபனி இறங்கிய அரைவெளிச்சத்தில் கதவு கண்ணாடி மாதிரித்தான் தெரிந்தது. தான் ஏன் இவ்வளவு பாடுபடுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்து பழகிப்போன உடம்பு; அது சக்களத்தி, சொந்தக்காரி என்று பார்ப்பதில்லை.

காலையில் வெயில் ஏறியது. பக்கத்துக் காம்பரா அழகுமுத்துக் கங்காணி பல் தீட்டிக்கொண்டே காரைச் சுற்றி வந்தவர் பின்கதவில் நின்றுவிட்டார்.

"என்னா செல்லசாமி, கதவு பூரா எட்டுக்காப்பூச்சி கூடு கட்டியிருக்கு?"

நாகலெட்சுமி ஓடிவந்து பார்த்தாள். வெயில் பட்ட இடத்தில் வட்டம் வட்டமாக, மயிர் மெல்லிசில், நூறு கோடு. விரலால் வழித்தாள். கூடு விரலோடு வரவில்லை. பெயின்டுக்குள் இருந்தது. அவள் தேய்த்த வட்டம் ஒவ்வொன்றும் அப்படியே, கையெழுத்துப் போட்ட மாதிரி.

"அது நேத்து நான் கட்டுற பழைய சாரத்தால தொடச்சேன்" என்றான் செல்லசாமி, கங்காணியிடம். "அதுல மண்ணு இருந்திருக்கும்."

அவன் சாரத்தால் துடைக்கவில்லை. அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, மூன்று பேருக்கும் தெரிகிற மாதிரி. கங்காணி வாய்க்குள் பிரஷோடு "ம்ம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். செல்லசாமி கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு முன்னால் இருந்த தேயிலை மலையைப் பார்த்தபடி இருந்தான்.

நாகலெட்சுமி காம்பரா வாசல் இஸ்தோப்பில் நின்றாள். திலக்ஷன் வருவான், பார்ப்பான், வேண்டாம் என்பான். கார் போகும். தகரம் வரும். அம்மனிடம் கேட்டது அப்படியே நடக்கப் போகிறது. ஆனால் மனுசன் உட்கார்ந்திருந்த இருப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. லொறி ஓட்டிய காலத்தில் இறங்கி வந்தால் பிணம் மாதிரிப் பாயில் விழுவான். ஒரு சொல் பேசமாட்டான். இந்தக் கார் வந்த பிறகுதான் காலையில் விசிலடிக்கிறான். அவள் வைகிறாள், அவன் சிரிக்கிறான், திருப்பிக் கொடுக்கிறான். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு வீட்டில் பேச்சு இருக்கிறது. இதை விற்று அந்தத் தகரத்தை ஏற்றினால் அதன்கீழ் மறுபடியும் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

போய் மறுபக்கக் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் காருக்குள் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன் சாரத்து மேல பழி போட்டீங்க?"

"சாரம் கோவிச்சுக்காதே" என்றான்.

"அந்தப் புள்ள சொன்னது சரின்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன்ல பாத்திருக்கேன். ஒட்டுற துணிதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றான்."

"அப்ப ஏன் வாய மூடிக்கிட்டு நின்னீங்க, மரம் மாதிரி?"

செல்லசாமி காதுக்குப் பின்னால் சொறிந்தான். "நீ மொத மொதல்ல அவளுக்குன்னு ஆசையா ஒரு துணி எடுத்த. அதப் போய் வேணாங்கச் சொல்றியா?"

நாகலெட்சுமி அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுத மாதிரியும் இருந்தது. "லூசு மனுசா" என்றாள். "தகரம் எங்கயும் ஓடிப்போகாது. நான் ஹட்டனுக்குப் போறேன்."

சனிக்கிழமை மலையில் அரைநாள் வேலையை முடித்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, முகம் கழுவினது பாதி கழுவாதது பாதியாக பஸ்ஸைப் பிடித்தாள். கடைப் படி ஏறும்போதே ஸஹ்லாவின் வாய் கோணியது.

"மஞ்சத் துணி எப்பிடி அக்கா?"

"சிரிச்சிட்டுப் பேசு. கதவெல்லாம் கோலம் போட்டு வச்சிட்டேன்."

ஸஹ்லா சிரித்தாள். பிறகு அன்றைக்குப் பரப்பினதையெல்லாம் திரும்பவும் பரப்பினாள். நாகலெட்சுமி பழக்கத்தில் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்திக் கையைத் திருப்பிப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். நுனியெல்லாம் வெடிப்பு. வெடிப்பின் ஓரம் காய்ந்து, உப்புத்தாள் மாதிரி. மைக்ரோபைபரின் நூல் இந்த வெடிப்பில் மாட்டி இழுத்திருக்கிறது. மஞ்சள் துணியின் கெட்டி நூலுக்கு மாட்ட எதுவும் இல்லை, வழுக்கிப் போயிருக்கிறது. சாயம் போகுமா, கிழியுமா என்று பார்க்க இந்தக் கை போதும். மெத்தென்று இருக்கிறதா என்று கேட்டால் அது எங்கே சொல்லும்? பெயின்டுக்கு என்ன, லயத்துப் பெண் கையா இருக்கிறது?

"கொழுந்து படாத தோலு என் மேல எங்க இருக்கு?" என்று தனக்குள்ளே கேட்கிற மாதிரிச் சத்தமாகக் கேட்டாள். பிறகு மஞ்சள் துணியை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தாள்.

"ஐயய்யோ! மணலு!"

தடித்த துவாயை எடுத்து மறு கன்னத்தில் வைத்தாள். பிறந்து நாலு நாளான நாய்க்குட்டி வயிறு. திரும்பவும் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இமைமேல் தேய்த்தாள். கெட்டிப் பஞ்சு கன்னத்தைச் சுரண்டியது; பாண் மாதிரிப் பஞ்சு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒரு துவாயில் எல்லாம் சரியாக இருந்து, ஓரத்துக்கு வந்ததும் சுருக்கென்றது. பார்த்தால் கம்பனிப் பேர் போட்ட சீட்டு, மூலையில் தைத்திருந்தது.

"அந்தச் சீட்ட வெட்டிட்டுத்தான் பாவிக்கணும்" என்றாள் ஸஹ்லா. "இல்லாட்டி ஓரமே தைக்காத துவாய் இரிக்கி, அத எடுங்க. அக்கா, கன்னம் போதாட்டி இந்தாங்க, இதுல பாருங்க." வாப்பாவின் பழைய பாட்டு சீடி ஒன்றை மேசைக்குள்ளிருந்து எடுத்தாள். "இதுட அடிப்பக்கம் பெயின்ட்ட விட மோசமாக் கீறும். இதுல கீறாட்டி கார்ல கீறாது."

இரண்டு பேரும் வெயிலுக்குக் கடைவாசலுக்கு வந்தார்கள். சீடியின் ஒரு பாதியில் மஞ்சள் துணியால் தேய்த்தாள்: கோடு கோடாக எழுந்தது. மறு பாதியில் தடித்த துவாய்: ஒன்றுமில்லை, வானவில் வானவில்லாகவே இருந்தது. பக்கத்தில் மரக்கறி விற்ற சிங்கள அம்மா எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்கிற மாதிரி, "மொகத மே?" என்றாள்.

"கார் எகட துவாயக்" என்று, காருக்கான துவாய் என அவள் பாஷையிலேயே சொல்லி நாகலெட்சுமி துவாயை நீட்டினாள். அந்த அம்மா லீக்ஸ் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் ஒத்திப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாகி, மறு கன்னத்தையும் காட்டினாள். பஸ் கண்டக்டர் ஒருவன் ஓடிவந்து, "எனக்கும் குடுங்க, எனக்கும் குடுங்க" என்று வாங்கித் தேய்த்தான். அவனுக்கு ஒரு கிழமை சிரைக்காத தாடி. துவாய் தாடியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அவன் கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றான். மரக்கறி அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லாஹ், அத இனி யாருக்கு விக்க?" என்றாள் ஸஹ்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதயும் சேத்துக் கட்டு. டயருக்கு ஆகும்" என்றாள் நாகலெட்சுமி.

பொட்டலம் கட்டும்போது ஸஹ்லா சொல்லிக்கொண்டே போனாள்: கீறினதை எடுக்க இந்தப் பொலிஷ், பஞ்சால் மெல்லப் பூசணும், வட்டம் போடாமல் நேர் கோடாகத் துடைக்கணும், புதுத் துவாயை முதலில் கழுவணும், வீட்டுத் துணியோடு போடக் கூடாது, நிலத்தில் விழுந்த துவாய் அதோடு சரி, உதறிவிட்டுக் காரில் வைக்கக் கூடாது.

"நெலத்துல விழுந்தா தீட்டா? கோயில் ஐயர விட மோசமா இருக்கே."

"ஆமா அக்கா. கறுப்புக் கார்னா அப்பிடித்தான்."

ராத்திரியே பீலிக் குழாய்த் தண்ணீரில் துவாய்களை அலசி, அடுப்புப் புகை படாத இடத்தில் காயப் போட்டாள். அலசும்போது தண்ணீர் பிடிக்க வந்தவர்களுக்குக் கதை தெரிந்துவிட்டது. ஞாயிறு காலை மூடுபனி விலகும்போது, கூப்பிடாமலே பெண்கள் காரைச் சுற்றி நின்றார்கள். தை மாசத்தில் தங்கள் லயத்துக் கார் ஊரெல்லாம் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்க அவர்களுக்கும் ஆசை.

செல்லசாமிக்குக் காய்ச்சல் வராத குறை. "லெட்சுமி, இத்தன கையா?"

"நீங்க தண்ணி அள்ளுங்க" என்றாள்.

அவள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி நிற்கிற மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாள். "எல்லாரும் கன்னத்துல வச்சிப் பாருங்கடி. இதுதான் மெத்து. இது தெரிஞ்சிட்டுத்தான் தொடணும். மோதிரத்தக் கழட்டு. தாலிய ரவிக்கைக்குள்ள போடு. ஊக்கு யாரு குத்தியிருக்கா?"

வளையலில்தான் பிரச்சினை வந்தது. கண்ணாடி வளையலைக் கழற்ற ஒருத்திக்கும் மனம் வரவில்லை. புருசன் இருக்கிறவள் வெறுங்கையோடு நிற்பதா? நாகலெட்சுமி உள்ளே போய்ப் பழைய மேஸ் காலுறைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். நுனியை வெட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இழுத்து மாட்டிவிட்டாள். வளையல் உள்ளே பத்திரம், பெயின்ட் வெளியே பத்திரம்.

"ஆளுக்கு ஒரு நெர" என்றாள். "கொழுந்து மலயில நெர பிடிக்கிறோமே, அப்பிடி. ஒன் நெரய விட்டு அடுத்தவ நெரக்குள்ள போகாத. மேலருந்து கீழ, நேரா. வட்டம் போட்டா வீட்டுக்கு அனுப்பிருவேன்."

அது போதும். மற்ற என்ன சொன்னாலும் மறந்திருப்பார்கள். நிரை என்றதும் கை தானாக நேராகப் போனது. பொனட் நாலு நிரை, கூரை நாலு நிரை, கதவுக்கு மும்மூன்று. கோடு போட்டது மாதிரி ஒரே வேகத்தில் இறங்கினார்கள். யாரோ ஒருத்தி வாய்விட்டுப் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். ஒரு துவாய் கீழே விழுந்தபோது பாட்டு நின்றது. "செத்துப்போச்சு!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அழகுமுத்துக் கங்காணி அதைத் தூக்கி, மரியாதையோடு டயர்ப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். பிறகு விபூதித் தட்டைக் கொண்டுவந்து பொனட்டில் பட்டை போடப் பார்த்தார்.

"மாமா! விபூதி சாம்பல்! சாமிக்குக் கண்ணாடி போதும், அங்க ஒரு பொட்டு வைங்க" என்று அவள் கத்திய கத்தலில் அவர் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார்.

பின்கதவை நாகலெட்சுமி யாருக்கும் விடவில்லை. பஞ்சு வட்டால் பொலிஷை எடுத்து, அமுக்காமல், தன் கன்னத்தில் பூசுகிற மாதிரிப் பூசினாள். துடைத்தாள். வெயிலில் சாய்ந்து பார்த்தாள். திரும்பவும் பூசினாள். கூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. முழுதும் போகவில்லை. கைப்பிடிக்குக் கீழே மூன்று கோடு, ஆழமாக விழுந்தது, நின்றுவிட்டது. அவள் என்ன செய்தும் அது போகவில்லை.

திலக்ஷன் தன்னுடைய சொந்தக் கறுப்புக் காரில் வந்தான். கறுப்புக் கண்ணாடி, கையில் போன். லயமே இஸ்தோப்பில் நின்றது. அவன் யாரையும் பார்க்காமல் காரைச் சுற்றினான். குனிந்தான், சாய்ந்தான், போன் லைட்டை அடித்துப் பார்த்தான். பொனட்டில் அவன் முகம் தெரிந்தது. தலைமயிரை ஒருதரம் சரிசெய்துகொண்டான். இடப்பக்கப் பின்கதவில் லைட் நின்றது.

"இங்க கீறல் இருக்கே அண்ணே."

நாகலெட்சுமி, "அது நான் போட்டது" என்றாள். "மூணு கோடு. அதுக்குமேல ஒண்ணு இருந்தாக் காட்டுங்க."

திலக்ஷன் லைட்டை அணைத்துவிட்டுப் பொனட் பக்கம் வந்தான். பக்கத்துச் சவுக்கு மரத்திலிருந்து ஏதோ தூசி பொனட்டில் விழுந்திருந்தது. அதைத் தட்டிவிட, கால்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை இழுத்துக் கையை நீட்டினான். கை பொனட்டில் படவில்லை. நாகலெட்சுமி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதீங்க!"

செல்லசாமி கண்ணை மூடிக்கொண்டான். தை மாசம் போச்சு, கார் போச்சு.

"என்னாக்கா?" என்றான் திலக்ஷன், கையை விடுவிக்காமலே.

"அந்த லேஞ்சியில மூக்கும் தொடச்சிருப்பீங்க, செருப்பும் தொடச்சிருப்பீங்க. ஒங்க கார்ல என்னா பண்ணுவீங்களோ, பண்ணிக்குங்க. இதுல கூடாது." அவள் இடுப்பில் செருகியிருந்த துவாயை எடுத்துத் தூசியின்மேல் வைத்து, ஒத்தி எடுத்தாள்.

திலக்ஷன் திரும்பித் தன் காரைப் பார்த்தான். வெயில் அதன்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. பொனட், கதவு, கூரை, ஒரு இடம் விடாமல் கூடு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையான சிரிப்பு, வயிற்றிலிருந்து.

"எங்க பையன்மார் சாக்கால தொடைக்கிறாங்கன்னு நெனைக்கிறேன்" என்றான். "சரிக்கா. அந்த மூணு கோட்டுக்கு மேல பூங்கொத்து வந்துரும். வீடியோவுல தெரியாது. தை பொறந்ததும் உடப்புசல்லாவையில ஒரு கல்யாணம். பூ ஒட்ட நம்ம ஆளு டேப்போட..."

"டேப்பா? டேப்ப இழுத்தா பெயின்ட்டும் வரும். ஒட்டக் கூடாது. கட்டலாம். கட்டுற இடத்துல அடியில துவாய் வைப்பேன்."

திலக்ஷன் செல்லசாமியிடம் திரும்பினான். "அண்ணே, நான் கார் விசயம் ஒங்ககிட்டப் பேசவா, அக்காகிட்டப் பேசவா?"

"நான் டிரைவர் மட்டுந்தான் தம்பி" என்றான் செல்லசாமி. முகத்தில் பல் மட்டும்தான் இருந்தது.

இஸ்தோப்பில் விசிலடிப்பும் குலவையும் எழுந்தன. காலுறை மாட்டிய கைகள் எல்லாம் மேலே போயின. யாரோ தேத்தண்ணிக்கு ஓடினார்கள்.

"அப்ப நானும் கல்யாணத்துக்கு வருவேன்" என்றாள் நாகலெட்சுமி. "முன் சீட்டுல துவாயோட உக்காந்திருப்பேன். கல்யாண வீட்டுல கேக்குத் தின்ன கையோட புள்ளைங்க ஓடிவரும். சந்தனம் தடவின கையோட பெருசுங்க வந்து சாயும். நான் இல்லாம கார் போகாது."

"மாப்பிள்ள வீட்டுல யாருன்னு கேட்டா நான் என்னாக்கா சொல்றது?"

"பொண்ணுக்குப் பெரியம்மான்னு சொல்லுங்க. பொண்ணு வீட்டுல கேட்டா மாப்பிள்ளைக்கு அத்தைன்னு சொல்லுங்க. ரெண்டு பக்கத்துலயும் பந்தியில எல போடுவாங்க."

அழகுமுத்துக் கங்காணி சிரித்த சிரிப்பில் விபூதித் தட்டு ஆடியது. திலக்ஷன் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, காரில் சாயப் போனவன், அவள் பார்வையைக் கண்டு நேராக நின்றே குடித்தான்.

நாகலெட்சுமிக்கு அவன் பேச்சு பாதி காதில் விழவில்லை. பெட்டிக்குள் இருக்கிற சேலைகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரக்குப் பட்டு ஆகாது, சரிகை கீறும். பச்சையில் முந்தானை பூராவும் கல் வேலை. கல்யாணத்துக்குக் கட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும், பொனட்டில் பட்டாலும் கீறக் கூடாது.

"என்னங்க," என்று புருசன் பக்கம் சாய்ந்து கேட்டாள், "சக்களத்திக்கு ஆகுற மாதிரி எனக்கு ஒரு சீல எடுக்கணும். ஹட்டனுக்கு எப்ப போறோம்?"